‘எடுத்துச் சொல்லப்பட்டது’ என்று எழுதுவதற்கு முன்

இரவு 11 மணி. மெடிசின் வார்டில் பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுகிறார்: ‘நோயின் தீவிரம் உறவினரிடம் எடுத்துச் சொல்லப்பட்டது.’ கீழே மகனின் கையெழுத்து. அந்த வரிக்குப் பின்னால் நடந்தது பெரும்பாலும் வார்டு வாசலில் நின்றபடியே முடிந்த இரண்டு நிமிடப் பேச்சு. “கண்டிஷன் சீரியஸ். கிட்னி, லங்ஸ் ரெண்டும் பாதிச்சிருக்கு. எது வேணாலும் ஆகலாம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.” மகன் வெளியே போய்ப் பண்ருட்டிக்குப் போன் போட்டுச் சொல்கிறார்: “டாக்டரு கைவிரிச்சிட்டாங்க.”

தமிழில் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்லக்கூடியதில் இதைவிடக் கனமான சொல் இல்லை. அவர் கைவிரிக்கவும் இல்லை. காலையில் ஆன்டிபயாடிக்கை மாற்றப்போகிறார். டயாலிசிஸ் பிரிவில் பேசிவைத்திருக்கிறார். ஆனால் என்ன ஆகக்கூடும் என்பதை மட்டும் சொன்னார், என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. தமனியில் ரத்தம் எடுக்க அவருக்கு ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். இந்தப் பேச்சுக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம்தான் இது. ஆனால் ஆங்கிலப் பாடத்தில் இருக்கிற வரிகளை மனப்பாடம் செய்யவைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கேட்கிற தமிழில், கட்டிலுக்குப் பக்கத்தில் கற்றுக்கொடுத்தால்தான் கைக்கு வரும்.

முதலில், எந்தப் பேச்சைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது ஒன்று. ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது இன்னொன்று. சிகிச்சையின் இலக்கைப் பேசுவது இரண்டிலிருந்தும் வேறு: இந்த நோய் எங்கே போகும் என்று தெரிந்த நிலையில், இருக்கும் காலம் எப்படிப் போக வேண்டும் என்று நோயாளி நினைக்கிறார், அதற்கு எந்தச் சிகிச்சை உதவும், எது உதவாது என்று சேர்ந்து முடிவெடுப்பது. 2000ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்களுக்காக வகுக்கப்பட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறை உலகம் முழுக்கப் பாடமாகியிருக்கிறது. அது கெட்ட செய்தியைச் சொல்வதற்கான முறை. இலக்கைப் பேசுவது பெரும்பாலும் அதன் கடைசிப் படியில்தான் ஆரம்பிக்கிறது, அதற்குள் டியூட்டி டாக்டரை அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

யாரிடம் பேசுவது? ஐ.சி.யூ. வாசலுக்கு வந்தவர்களிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் தாமதமாகிவிட்டது என்றே பொருள். பரவிவிட்ட புற்றுநோய், ஒரே வருடத்தில் மூன்றாம் முறை அட்மிட் ஆகும் இதயச் செயலிழப்பு, வயிற்றில் நீர் கோத்து அடிக்கடி வரும் ஈரல் சுருக்கம், வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோய், எண்பதை ஒட்டிய வயதில் டயாலிசிஸ் தொடங்கலாமா என்ற கேள்வி: இவை எல்லாமே ஓ.பி.யிலேயே பேச வேண்டியவை. பயிற்சியில் சொல்லித்தரும் எளிய கேள்வி ஒன்று உண்டு: ‘இவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?’ இல்லை என்று மனம் சொன்னால் பேச்சைத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது. அந்த மனக்கணக்கும் நீளமாகவே தவறும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாள் முடியும் தறுவாயில் இருந்த நோயாளிகளின் எஞ்சிய காலத்தை மருத்துவர்கள் சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல் கூட்டியே கணித்திருந்தார்கள். பழகிய நோயாளி என்றால் கணிப்பு இன்னும் கூடுதலாகத் தவறியது.

பேசினால் நம்பிக்கை போய் நோயாளி சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் உண்டு. 2010இல் வெளியான நுரையீரல் புற்றுநோய் ஆய்வு இதற்கு நேரான பதில். நோய் தெரிந்த உடனேயே வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக் குழுவையும் சேர்த்துப் பார்த்தவர்கள், கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சையைக் குறைவாகவே எடுத்துக்கொண்டும் நடுமதிப்பாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் வாழ்ந்தது 8.9 மாதம்.

பேசப்போவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழிக்க வேண்டும். பாதிப் பேச்சு இங்கேதான் கெடுகிறது. கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்து, யூனிட் தலைவரும் மற்றத் துறைகளும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு ஒரே குரலாக்கிக்கொள்ள வேண்டும். காலையில் சர்ஜரிக்காரர் “ஆபரேஷன் பண்ணலாம்” என்றும், மாலையில் மெடிசின்காரர் “தாங்கமாட்டார்” என்றும் சொன்னால், பிறகு யார் என்ன சொன்னாலும் குடும்பம் நம்பாது. நோயாளியைத் தவிர யார் இருக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். நாற்காலி வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைக்காது. சிஸ்டர் அறையோ, திரை இழுத்த மூலையோ போதும். எல்லோரும் உட்கார்ந்திருப்பதும், கட்டிலின் கால்மாட்டில் இல்லாமல் பக்கவாட்டில் மருத்துவர் இருப்பதும்தான் முக்கியம். போனைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அத்தனை நேரம் இல்லையென்றால் தொடங்காமல், காலையில் இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மணிக்கு வருவது நல்லது.

முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டும். “இதுவரைக்கும் டாக்டருங்க உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க? நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?” சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1984இல் அமெரிக்காவில் ஓ.பி. பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டபோது, நோயாளி வாயைத் திறந்து சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். நம் ஓ.பி.யில் கூட்டம் அதைவிட அதிகம். நோயாளி பேசும்போது மாணவர் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது அவருடைய சொற்கள். ‘கட்டி’ என்கிறாரா, ‘புண்ணு’ என்கிறாரா, ‘அந்த நோவு’ என்கிறாரா? அதே சொல்லில் தொடங்கினால் பேச்சு அறுபடாது.

அடுத்து அனுமதி. “ரிப்போர்ட்டு வந்திருக்கு. விவரமா சொல்லட்டுமா, இல்ல முக்கியமானது மட்டும் போதுமா? வேற யாருகிட்டயாவது சொல்லணுமா?” இந்தக் கேள்வி சடங்கு அல்ல. “எம் பொண்ணுகிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்” என்று ஒரு பாட்டி சொன்னால் அது அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியதும் அதுவே.

பிறகு செய்தி, இரண்டே வாக்கியத்தில். “கட்டி ஈரலுக்கும் போயிடுச்சு. இதை முழுசா எடுக்குற மருந்து இப்ப எங்ககிட்ட இல்ல.” நிறுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் இளம் மருத்துவர்கள் பயந்துபோய்க் கிரியாட்டினின், பிலிருபின், ஸ்கேன் என்று எண்களைக் கொட்டுகிறார்கள். அழுகையோ கோபமோ வரும்போது அதற்கு எண்ணால் பதில் சொன்னால் எதுவும் காதில் ஏறாது. மௌனம் பத்து நொடி நீடித்தால் மாணவருக்கு ஒரு நிமிடம் போலத் தோன்றும். பயிற்சியில் கடிகாரத்தை வைத்துக் காட்டினால்தான் அது பத்து நொடிதான் என்று நம்புவார்கள். அதற்குப் பிறகு சொல்ல ஒரு வரி போதும்: “இதை எதிர்பார்க்கலைன்னு தெரியுது.” ‘எனக்குப் புரியுது’ வேண்டாம். இருபத்துமூன்று வயதுக்காரர் அதைச் சொன்னால், “ஒனக்கு என்னா தம்பி புரியும்” என்று கேட்கத்தான் செய்வார்கள்.

பேச்சின் மையம் இதற்கு அடுத்து வருகிறது, பாடப்புத்தக வரி தமிழில் தோற்பதும் இங்கேதான். ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று கேட்டால், “நல்லாவணும் சார், அதான் முக்கியம்” என்பார்கள். தவறான பதில் இல்லை, கேள்விதான் வெறுமையானது. அன்றாட வாழ்க்கையைப் பிடித்துக் கேட்க வேண்டும். “ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும்?” “ராத்திரியில எதை நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது?” “எவ்வளவு செரமப்பட்டாலும் பரவாயில்ல, இது நடக்கணும்னு எதாவது இருக்கா?” அப்போது வரும்: பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், முந்திரித் தோப்பை இரண்டு மகன்களுக்கும் பிரித்து எழுத வேண்டும், கடல் சத்தம் கேட்கிற வீட்டில் இருக்க வேண்டும், அடுத்தவர் கையால் மலம் துடைக்கும் நிலை வந்தால் வேண்டவே வேண்டாம். இவற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசிப் படி பரிந்துரை. மருத்துவர்கள் இதைக் குடும்பத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். “வென்டிலேட்டர் போடட்டுமா, வேணாமா?” என்று கேட்பது சுதந்திரம் கொடுப்பதுபோலத் தெரியும். அப்பாவின் மூச்சை நிறுத்தச் சொன்னவன் என்ற பாரத்தை ஒரு மகனுக்கு ஆயுசுக்கும் கொடுப்பது அது. “நீங்க சொன்னதை வெச்சு நான் சொல்றது இதுதான்” என்று தொடங்கி, செய்யப்போவதை முதலில் சொல்ல வேண்டும்: வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, தொற்றுக்கு ஊசி, கல்யாணம் வரை தாங்க வைப்பதற்கு என்னென்ன செய்ய முடியுமோ அது. பிறகு செய்யாதது: “இதயம் தானா நின்னுபோச்சுன்னா, நெஞ்சை அமுக்கி மெஷினுல போடுறது இந்த நோயில அவரைத் திரும்பக் கொண்டாராது. அதனால அதைச் செய்ய வேணாம்னு நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?” வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும். செய்யாததை முதலில் சொன்னால் குடும்பத்தின் காதில் விழுவது கைவிரிப்பு.

மருத்துவ ரீதியில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாத நேரம் வேறு. மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பார்ப்போம், இந்தக் குறிகள் தேறினால் தொடர்வோம், தேறாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று நாளும் குறியும் சொல்லித் தொடங்குவது பல சண்டைகளைத் தடுக்கிறது. நாள் சொல்லாமல் தொடங்கிய வென்டிலேட்டரை நிறுத்துவது யாராலும் ஆகாத காரியமாகிவிடும்.

“எத்தனை நாளு சார்?” என்ற கேள்வி எப்படியும் வரும். எண் சொன்னால் அது கெடுவாகிவிடும், “டாக்டரு நாள் குறிச்சிட்டாரு” என்று ஊருக்கே தெரிந்துவிடும், அந்த நாள் தாண்டினால் மருத்துவரின் மேல் நம்பிக்கை போய்விடும். தமிழில் இதற்கு அழகான வழி இருக்கிறது: “இது வருசக் கணக்கு இல்லிங்க, மாசக் கணக்கு.” அல்லது, “வாரக் கணக்குன்னு நெனைக்கிறேன். கூடக்கொறைய இருக்கலாம்.” வெளியூரில் இருக்கும் மகள் வருவதற்கும், கல்யாணத்தை முன்கூட்டியே நடத்துவதற்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

சொற்களில் விழும் குழிகளை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். ‘ஸ்டேபிள்’ என்றால் குடும்பத்துக்குத் தேறிவிட்டார் என்று பொருள். மருத்துவருக்கு நேற்றைய மோசமான நிலையே இன்றும் என்று பொருள். ‘சீரியஸ்’ என்றால் இன்று ராத்திரி தாண்டாது. ‘ரிசல்ட் பாசிட்டிவ்’ நல்ல செய்தியாகக் கேட்கும். ‘டியூப் போடணும்’ என்றால் மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கா, மூத்திரத்துக்கா, மூச்சுக்கா? மூன்றுக்கும் குடும்பத்தின் வாயில் ஒரே பெயர்தான். ஏற்கெனவே மூத்திரக் குழாய் போட்டு நன்றாகப் போன அனுபவத்தில் மூச்சுக் குழாய்க்குத் தலையாட்டிவிடுவார்கள். எல்லாவற்றிலும் மோசம் ‘உயிர்காக்கும் கருவி’. பெயரே உயிரைக் காக்கும் என்று சொல்லிவிட்ட பிறகு, வேண்டாம் என்று எந்த மகள் சொல்வாள்? ‘மூச்சுக்கு மெஷின்’ என்று சொல்லி, அது மூச்சைத் தள்ளுமே தவிர நுரையீரல் நோயைக் குணமாக்காது என்று ஒரு வரி சேர்ப்பதே நேர்மை.

‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ என்ற வேண்டுகோள் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலிருந்தும் வரும். இளம் மருத்துவர் இரண்டு பக்கமும் தவறுகிறார்: ‘நோயாளியின் உரிமை’ என்று வாதாடுவார், அல்லது தலையாட்டிவிட்டு நோயாளி கேட்டால் பொய் சொல்வார். நடைமுறையில் உதவுவது மூன்று கேள்விகள். “சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” “அவரு தானா எதாவது கேட்டாரா?” “நான் போய் எதையும் திணிக்கமாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு மட்டும் அவரைக் கேட்கட்டுமா, நீங்களும் பக்கத்துல இருங்க?” மூன்றாவதற்குப் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். கீமோ வார்டில் நாலு மாதம் படுத்திருந்தவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர்களே எல்லாம் சொல்லியிருப்பார்கள்; அவரும் வீட்டாரைக் காப்பாற்றத்தான் பேசாமலிருப்பார்.

யார் முடிவெடுப்பவர் என்பதும் வாசலில் நிற்பவரை வைத்துத் தெரியாது. கூட நிற்பது சின்ன மகனாக இருக்கும்; சொல் செல்வது தாய்மாமனுடையதாக, அல்லது பாரீஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனுடையதாக இருக்கும். பேச்சு முடிந்து மறுநாள் விமானத்தில் இறங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால், முதல் பேச்சிலேயே அவரை வீடியோ காலில் உட்காரவைப்பது நல்லது. மனைவியிடம் யாரும் கேட்பதில்லை, அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். கணவர் ராத்திரியில் என்ன புலம்பினார் என்று தெரிந்தவர் அவர்தான்.

மருத்துவ மாணவர்களுக்கு இதெல்லாம் பாடத்தில் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. 2018இல் இந்திய மருத்துவக் கவுன்சில் மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென ‘ஏட்காம்’ பாடத்தொகுப்பை வெளியிட்டது. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். வகுப்பிலிருந்து புதிய பாடத்திட்டத்தோடு அது நடைமுறைக்கு வந்தது. அறையில் ஆரம்பிப்பது சரி. ஆறு பேர் கொண்ட குழு, ஒரு ஆசிரியர், நோயாளியாக நடிக்க ஒரு சிஸ்டரோ சமூகப் பணியாளரோ. நடிப்பவர் பேச்சுவழக்கில் பேச வேண்டும். “ஊட்டுக்கு இட்டுக்கினு போவட்டுமா?” என்பதை மாணவர் கேட்டதே இல்லையென்றால் வார்டில் திகைப்பார். மாணவர் மாட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தி, “இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?” என்று கேட்டு, இரண்டு வாக்கியம் பின்னால் போய் மறுபடி சொல்லவைக்க வேண்டும். முழுப் பேச்சையும் முடித்துவிட்டுக் கடைசியில் ‘நல்லா பேசினீங்க’ என்பதால் ஒரு பயனும் இல்லை.

அறையோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நடிப்புப் பயிற்சி பெற்ற இளம் மருத்துவர்களின் பேச்சுக்கு நோயாளிகளும் குடும்பங்களும் தந்த மதிப்பெண் கூடவில்லை; நோயாளிகளின் மனச்சோர்வு அளவு சற்றே கூடியிருந்தது. பயிற்சியே வீண் என்று நாங்கள் இதைப் படிக்கவில்லை. பேச்சைத் திறக்கக் கற்றவருக்கு அதை முடிக்கவும் மறுநாள் தொடரவும் வார்டில் யாரும் துணை நிற்காவிட்டால் திறந்த காயம் திறந்தே கிடக்கும் என்றே படிக்கிறோம்.

எனவே வார்டில், மூன்று கட்டமாக. முதலில் மாணவர் பேசாமல் உட்கார்ந்து சீனியர் பேசுவதைப் பார்க்க வேண்டும், யார் எப்போது அழுதார், அதற்கு அடுத்த வாக்கியம் என்ன என்று மட்டும் குறிக்க வேண்டும். அடுத்து, ஒரு பகுதியை மட்டும் அவர் செய்வார்: தொடக்கக் கேள்வி, அல்லது வீட்டைப் பற்றிய கேள்விகள். பிறகு முழுப் பேச்சு, சீனியர் வாயைத் திறக்காமல் பக்கத்தில். சீனியர் குறிக்க வேண்டியவை சில: முதல் குறுக்கீடு எத்தனை நொடியில், மொத்தத்தில் யார் அதிகம் பேசினார், உணர்ச்சிக்கு எண்ணால் பதில் சொன்னாரா, பரிந்துரை வந்ததா. வெளியே வந்ததும் ஐந்து நிமிடம், ஒரே ஒரு திருத்தம். ஐந்து திருத்தம் சொன்னால் அடுத்த முறை மாணவர் நோயாளியைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிப்மரில் இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் சேர்கிறார்கள்; வருகிற நோயாளிகளில் பலர் கடலூர், விழுப்புரம் மாவட்டத் தமிழர்கள். ‘வலிக்குதா’, ‘மூச்சு இழு’ அளவுக்குத் தமிழ் கற்றவர் இந்தப் பேச்சைத் தனியாக நடத்தக்கூடாது. நோயாளியின் மகனை மொழிபெயர்க்கச் சொல்வதும் கூடாது. அவர் பாதியை விழுங்கிவிடுவார், விழுங்கத்தான் வேண்டும் அவருக்கு. தமிழ் பேசும் சிஸ்டர் முழுக் கூட்டாளியாக, என்ன பேசப்போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்து உள்ளே வர வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயம்தான் பல இளம் மருத்துவர்களை ‘சொந்த விருப்பத்தில் போகிறோம்’ என்ற கையெழுத்தின் பக்கம் தள்ளுகிறது. அப்படி அனுப்பப்படுபவர் கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து இல்லாமல், போகும் இடத்து மருத்துவருக்கு ஒரு கடிதமும் இல்லாமல் வீடு போகிறார். உண்மையில், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் தீர்ப்பளித்து, முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கவும் வழி செய்தது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது: விருப்ப ஆவணத்துக்கு இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும், சிகிச்சையை விலக்குவதற்கு, சிகிச்சை தரும் மருத்துவரோடு 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் கொண்ட முதல் குழு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாம் குழு, முடிந்தவரை 48 மணி நேரத்தில் முடிவு. நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இவற்றை ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டிலும் ஒட்டலாம்.

பேசி முடித்தபின் எழுதுவதுதான் பேச்சை உயிரோடு வைக்கிறது. யார் இருந்தார்கள், நோயாளிக்கு எவ்வளவு தெரியும், அவர் சொன்ன சொல் என்ன, செய்யப்போவது, செய்யாதது, மறுபடி எப்போது பேசுவோம்: ஆறு வரி. ‘எடுத்துச் சொல்லப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் இரவு டியூட்டிக்கு வருபவருக்கு எதுவும் கிடைக்காது. அவர் நெஞ்சை அமுக்கத்தான் செய்வார்.

வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானால், வாக்குறுதிக்குப் பின்னால் பொருள் இருக்க வேண்டும். வாய்வழி மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே மலமிளக்கி கட்டாயம். மலமிளக்கி இல்லாவிட்டால் சில நாளில் மலம் கட்டிக்கொண்டு, மாத்திரைதான் காரணம் என்று வீட்டில் அதையே நிறுத்திவிடுவார்கள், வலி திரும்பிவிடும். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்வது எளிதாகியிருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு முகத்தை நோக்கி ஒரு சின்ன மின்விசிறி, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். முகவரியையும் கவனிக்க வேண்டும். பாகூர் புதுச்சேரி, அடுத்த ஊர் கடலூர் மாவட்டம். தமிழகப் பகுதியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் உண்டு. புதுச்சேரிப் பக்கத்துக்கு அது பொருந்தாது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பத்தி எழுதித் தர வேண்டும்.

உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். வெளியே இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்ற வழக்கமுள்ள குடும்பங்கள் உண்டு. கடைசி மணியில், கையால் அமுக்கி மூச்சைத் தள்ளும் ‘ஆம்பூ’ பையை அமுக்கிக்கொண்டே திட்டக்குடிக்கு ஓடும் ஆம்புலன்ஸுகளுக்குக் காரணம் அதுவே. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தை நான்கு நாள் முன்னால், பேசும் தெம்பு இருக்கும்போதே செய்திருக்கலாம்.

இப்படிப் பேசிய பிறகு ரவுண்ட்ஸில் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்விடக் கூடாது. மாற்ற மருந்து எதுவும் இல்லாத நாளிலும் நின்று, வலி எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினாரா என்று கேட்க வேண்டும். கைவிரித்துவிட்டார்கள் என்று நோயாளி முடிவு செய்வது பேச்சைக் கேட்டு மட்டுமல்ல, மருத்துவர் நிற்காமல் போவதைப் பார்த்தும்தான். சீனியரும் அந்த இடத்தில் சோடியம், பொட்டாசியத்தைக் கேட்பதற்கு முன்னால் பயிற்சி மருத்துவரிடம் ஒன்று கேட்கலாம்: “நேத்து ராத்திரி பேசினீங்களே, அவரு என்ன சொன்னாரு?”